இரட்டைப் பெடல்

வாழைச்சேனைத் துறைமுகத்துக்குப் பின்னால்
ஐஸ் பெக்டரியின் கம்பிரசர் இரைகிற அறையில்
வெள்ளி இரவுகளில் நாங்கள் இன்னொரு இரைச்சல்.
இதுவரை யாரும் முறைப்பாடு செய்ததில்லை.
பாரையும் சூரையும் பெட்டிகளுக்குள்
வாய் திறந்தபடி கேட்டுக்கொண்டிருக்கும்.

றிஸ்லி ஓட்டமாவடிப் பாலம் கடந்து
கிற்றாரை அரிசிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வருவான்.
மழைக்கு என்பான்.
வைகாசி வெயிலிலும் அதே சாக்கு.
ஆறாம் கம்பியை
இனி இறக்க இடமில்லை என்கிறமட்டும் இறக்குவான்.
அம்ப்புக்கு மேல் நாலு பிளேன்டீக் கோப்பைகள்,
நாலிலும் வட்டம் வட்டமாய் நடுக்கம்.
எது யாருடையதென்று பாராமல் எடுத்துக் குடிப்போம்.

நான் பேஸ்.
பகலில் இதே பெக்டரியில்
ஐஸ் கட்டிகளுக்குக் கணக்கெழுதுகிறவள்.

தயாபரி பாடுவாள்.
பாடுவாள் என்பது ஒரு மரியாதைக்கு.
அடித்தொண்டையில் ஆட்டுக்கல் உருளும்.
முதல் நாள் கேட்ட காவலாளி
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து
'தெய்வம் வந்திட்டா பிள்ள? மஞ்சத்தண்ணி எடுக்கவா?' என்றார்.
அவள் மூச்சு வாங்கி,
'வேணாம் அண்ணன். பிளேன்டீ காணும்.'

விதுஷன் ட்ரம்ஸ்.
கட்டாரில் இரண்டு வருடம் சாரம் கட்டி
வாங்கி வந்த இரட்டைப் பெடல்.
வாசித்து முடிந்தால் பழைய சேட்டுத் துணியால் துடைத்து
பெட்டியில் வைத்துப் பூட்டுவான்,
துறையடியில் யார் களவெடுக்கப் போகிறார்கள் அதை.

கொழும்பில் ஒரு மேடை கிடைத்தது.
அழைத்தவர்கள் போனில் கேட்டார்கள்:
உங்கட ஊர்ச் சாமான் ஏதும் சேர்த்தா நல்லம்.
தயாபரி உடுக்குச் சிந்து என்றாள்.
றிஸ்லி துள்ளினான்:
'பறை மச்சான்! பறையும் டிஸ்டோர்ஷனும்!
சனம் பைத்தியமாயிரும்!'
நானும் தலையாட்டினேன்.
அதை எழுதாமல் விடக்கூடாது.

விதுஷன் ஒரு திருகாணியை
இறுகிய பிறகும் இறுக்கிக்கொண்டிருந்தான்.
'பறை எனக்கு ஊர்ச் சாமான் இல்ல கா.
வீட்டுச் சாமான்.
செத்த வீட்டுப் படலைக்கு வெளிய நிண்டு
விடியுமட்டும் அடிச்சிட்டு
பின்பக்கம் போய்
தனிக் கோப்பையில தேத்தண்ணி வாங்கின கை
எங்கட அப்பாட கை.
அத விடுறதுக்குத்தான் இத வாங்கின நான்.'

எங்கள் வீட்டுக் கிணற்றடிச் சுவரில்
கவிழ்த்து வைத்த ஓர் அலுமினியக் கோப்பை இருந்தது.
அது ஆருக்கென்று
ஒருநாளும் நான் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.
கம்பிரசர் இருமி நின்றது.
ஐஸ் உருகத் தொடங்கும் சின்னச் சத்தம்கூடக் கேட்டது.
பிறகு
இருட்டுக்குள் ஒன்று தொடங்கிற்று.

முதலில் நடை.
பாரம் தூக்குகிற நாலுபேர் கால்மாற்றும் நடை.
பிறகு பாலத்தில் ஏறும் லொறி.
பிறகு எண்ண ஏலாது,
தகரக் கூரை பல்லைக் கடித்தது,
என் விலா எலும்புக்குள் யாரோ இடம் மாறி உட்கார்ந்தார்கள்.
றிஸ்லி போன் டோர்ச்சை அடித்தான்.
விதுஷனின் கைகள் மடியில் கிடந்தன,
சாப்பிட்டுக் கழுவிய கைகள் போல, சும்மா.
கால்கள் மட்டும்.

சாவு மேளம்தான்.
மும்மடங்கு வேகத்தில்.

யாரும் சேரவில்லை.
எங்கே நுழைவதென்று தெரியவில்லை என்று
றிஸ்லி பிறகு சொன்னான்.
நுழையலாமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.
கரண்ட் வந்தபோது
அவனே தலையை ஆட்டிக் கூப்பிட்டான்.

வீட்டில் அந்தக் கோப்பையைத் தேடினேன்.
எறிஞ்சாச்சு என்றாள் அம்மா.
எப்போதென்று சொல்லவில்லை.

கொழும்பில், மேடைக்குப் பின்னால்,
கழுத்தில் அட்டை தொங்கிய ஒருவர் ஓடிவந்தார்:
'பறை எங்க? கொண்டு வரேல்லையா?'
விதுஷன் குனிந்து
சப்பாத்துக் கயிற்றை
இரட்டை முடிச்சாகப் போட்டுக்கொண்டிருந்தான்.